வீடு நிறைய ஆட்கள் இருந்தும் பேச ஆளில்லை: 49 வயதில் என்ன செய்யலாம்?

கேட்டிருப்பவருக்கு 49 வயது. திருச்சியில் வங்கி வேலை. வீட்டில் கணவரும் 78 வயது மாமியாரும். ஒரே மகன் வேலை கிடைத்து பெங்களூரு போய் ஒரு வருடம் ஆகிறது. பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் 43 பேர். "நாள் பூரா யார்கிட்டயாவது பேசிக்கிட்டேதான் இருக்கேன். ஆனா என் பேச்சைப் பேச ஆள் இல்லாத மாதிரி இருக்கு. வயசானா எல்லாருக்கும் இப்படித்தானா, இல்லை எனக்குத்தான் ஏதாவது கோளாறா?" என்று எழுதியிருக்கிறார். இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: குடும்பம், சம்பளம், தோழிகள் என்று எல்லாம் இருந்தும் இப்படித் தோன்றலாமா, இது நன்றிகெட்ட நினைப்பு இல்லையா என்ற குறுகுறுப்பு. ஆலோசனைக்கு வரும் நடுவயதுக்காரர்களில் பலர் முதல் அரை மணி நேரத்தை இந்தக் குறுகுறுப்புக்குச் சமாதானம் சொல்வதிலேயே செலவழிக்கிறார்கள். ஆகவே அதை முதலில் முடித்துவிடலாம்.

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-லேயே இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மனதில் உள்ளதை அப்படியே கொட்ட ஒரு நெருங்கிய ஆள் இல்லாத குறை ஒன்று. கூடிச் சிரிக்க, வந்துபோக ஒரு வட்டம் இல்லாத குறை இன்னொன்று. ஒன்றை வைத்து மற்றதை நிரப்ப முடியாது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியம். அன்பான கணவர் இருந்தும் புது ஊரில் தோழி இல்லாமல் தவிப்பவர் உண்டு. 43 பேர் குழுவில் இருந்தும் நெஞ்சைத் திறக்க ஆளில்லாதவரும் உண்டு. உங்கள் வரிகளைப் பார்த்தால் உங்களுடையது நெஞ்சைத் திறக்க ஆளில்லாத குறை. அப்படியானால் இன்னும் பத்து குழுக்களில் சேர்ந்தாலும் அது நகராது.

ஊகத்தில் விட வேண்டாம், ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிடுங்கள். போனில் கடந்த 30 நாள் அழைப்புப் பட்டியலை எடுத்து, அலுவலகம், கேஸ், பிளம்பர், மருந்துக்கடை, மாமியாரின் மருத்துவர் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பவர்களில், ஒரு வேலையும் இல்லாமல் பேசுவதற்காகவே பேசியது யார் யாரிடம், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகள். பேச்சுத்துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கிவைக்கப்பட்டதாக? மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டுத் தனியே நிற்பதாக? ஒவ்வொன்றுக்கும் 'அரிதாக' என்றால் 1, 'சில நேரம்' என்றால் 2, 'அடிக்கடி' என்றால் 3. கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். ஆய்வுகள் பலவற்றில் 6-ம் அதற்கு மேலும் தனிமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கலிபோர்னியாவில் உருவான 20 கேள்வி அளவுகோலின் சுருக்கம் இது. நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல. மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது வயது. 'வயசானா இப்படித்தான்' என்பதைத் தரவுகள் ஆதரிக்கவில்லை. பல ஆண்டுகள் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கேட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தனிமை உணர்வு இளமையில் அதிகம், நடுவயதில் தணிகிறது, முதுமையில் மறுபடி ஏறுகிறது. அவை பெரும்பாலும் மேல்நாட்டுத் தரவுகள் என்பதால் நம் கூட்டுக் குடும்பங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 49 வயது தானாகவே இதைக் கொண்டுவருவதில்லை என்பது உறுதி. வயதாக ஆக நட்பு வட்டம் சுருங்குவதும் கோளாறு இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் பல ஆண்டுகளாகக் காட்டிவருவது, மனிதர்கள் ஒட்டாத பழக்கங்களை வேண்டுமென்றே உதிர்த்துவிட்டு, மிச்சமிருக்கும் சிலரோடு முன்னைவிட நிறைவாக இருக்கிறார்கள் என்பதைத்தான். மிச்சமிருக்கும் அந்தச் சிலரோடான பேச்சும் வெறும் வேலைப் பேச்சாகிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நம் வீடுகளில் 45-க்கும் 55-க்கும் இடையில் இது நடக்கும் விதம் ஏறக்குறைய ஒரே மாதிரி. பிள்ளை படிக்கும்போது கிடைத்த தோழிகள் ஸ்கூல் வேன் நிற்கும் இடத்திலும் டியூஷன் வாசலிலும் கிடைத்தவர்கள். பிள்ளை போனதும் சந்திக்கக் காரணம் போய்விடுகிறது. வங்கி வேலை என்றால் சில வருடங்களுக்கு ஒரு மாற்றல், ஒவ்வொரு ஊரிலும் பாதியில் விட்ட ஒரு நட்பு. கல்யாணமாகி வேறு ஊர் வந்த பெண்களுக்குப் பள்ளித் தோழிகள் ஏற்கெனவே சிதறிவிட்டார்கள். அம்மா அப்பா இருக்கும்வரை அண்ணன் தம்பி அக்கா தங்கை அவர்கள் வழியாகவே செய்தி கேட்டுக்கொள்வார்கள். அவர்கள் போனதும், பாகப்பிரிவினை சுமுகமாகவே முடிந்திருந்தாலும், அழைப்புகள் தீபாவளி, பொங்கல் என்று குறைந்துவிடும். கணவன் மனைவி பேச்சு மாத்திரை, இ.எம்.ஐ., இன்வெர்ட்டர் பேட்டரி என்று நிற்கும். யாரும் யாரையும் கைவிடவில்லை, சண்டையும் இல்லை. அதனால்தான் எங்கே குறை என்று கை வைத்துக் காட்ட முடிவதில்லை.

கோளாறா என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் இந்த வயதில் உடம்பும் இதே முகத்தோடு வரும். தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வு, ஆர்வமின்மை, யாரையும் பார்க்கப் பிடிக்காமை எல்லாம் வரும். வைட்டமின் பி 12 குறைவும் அப்படித்தான், குறிப்பாக சைவ உணவுக்காரர்களுக்கு. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 அளவில் என்பதால், அதையொட்டிய ஆண்டுகளில் தூக்கக் கெடுதலும் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். பலர் கவனிக்காத ஒன்று காது. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே எதிரில் இருப்பவர் பேசுவது புரியாமல், சிரித்துத் தலையாட்டிவிட்டு, பிறகு விசேஷங்களையே தவிர்க்கத் தொடங்குகிறார்கள். சுற்றியிருப்பவர்கள் அதைத் தலைக்கனம் என்கிறார்கள். டி.எஸ்.எச். (தைராய்டுக்கானது), பி 12, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகிய ரத்தப் பரிசோதனைகள், சந்தேகம் இருந்தால் ஆடியோமெட்ரி என்ற காது கேட்கும் திறன் சோதனை. ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.

மனச்சோர்வு வேறு. தனிமையில் இருப்பவருக்குப் பிடித்த ஆள் வந்தால் முகம் மலரும். மனச்சோர்வில் பிடித்த ஆள் வந்தாலும் பெரும்பாலும் மலராது. இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், எதிலும் நாட்டமில்லாமை, விடியற்காலை 3, 4 மணிக்கே விழிப்பு, பசி மாறுதல், தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற நினைப்பு ஆகியவை சேர்ந்திருந்தால் கீழே நான் எழுதுவதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். சில வரிகளைப் படித்துவிட்டு உங்களுக்கு அது இருக்கிறது, இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்.

அது இல்லை என்று வைத்துக்கொண்டால், அடுத்து புரிந்துகொள்ள வேண்டியது தனிமை மனதை என்ன செய்கிறது என்பது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கசியோப்போ இதைப் பசியோடு ஒப்பிட்டார்: சாப்பிடு என்று உடம்பு தரும் சைகை பசி, ஆட்களைத் தேடு என்று தரும் சைகை இது. ஒரு வித்தியாசம் உண்டு. பசி நம்மைச் சாப்பாட்டை நோக்கித் தள்ளுகிறது. தனிமையோ நீடிக்க நீடிக்க ஆட்களைச் சந்தேகிக்க வைக்கிறது. "நான் கூப்பிட்டாத்தான் பேசுறா, அவளா ஒரு தடவை கூப்பிட்டாளா?" என்று கணக்கு வைக்கத் தொடங்குவோம். நீல டிக் வந்தும் பதில் வராவிட்டால் அவமதிப்பாகப் படும். அந்தத் தோழி அந்நேரம் குக்கரை இறக்கிக்கொண்டிருந்திருக்கலாம். 2011-ல் கிறிஸ்டோபர் மாசியும் கசியோப்போவும் தனிமையைக் குறைக்கும் முயற்சிகள் பலவற்றை ஒன்றாக வைத்து அலசினார்கள். பேசக் கற்றுக்கொடுப்பது, உதவி ஏற்பாடு செய்வது, சந்திக்க வாய்ப்பு உருவாக்குவது ஆகியவற்றைவிட, இந்தத் தப்பான கணக்கைத் திருத்தும் முறையே அதிகம் பலன் தந்தது. ஆகவே ஒரு மாதத்துக்கு 'யார் முதலில் கூப்பிட்டது' என்ற கணக்கை நிறுத்துங்கள். எப்போதும் நீங்களே கூப்பிடுவதாக இருந்தாலும் பரவாயில்லை. கூப்பிட்டபோது அவர் நின்று பேசினாரா என்று மட்டும் பாருங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது புது ஆளைத் தேடாதீர்கள். ஒரு காலத்தில் நெருக்கமாக இருந்து, சண்டை எதுவும் இல்லாமல் விட்டுப்போன இருவர் போதும். 43 பேரில் நிச்சயம் இருப்பார்கள். குழுவுக்குள் பேச வேண்டாம். நான்கு பேருக்கு மேல் போனால் ஒரே உரையாடல் நிற்காமல் பிரிந்துவிடும் என்று பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபின் டன்பார் நேரில் பேசும் கூட்டங்களைக் கவனித்து எழுதியிருக்கிறார். 43 பேர் முன்னால் எவரும் மகனைப் பற்றிப் பெருமைதான் பேசுவார்கள், கவலையைப் பேச மாட்டார்கள். தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். நம் ஊரில் ஒரு இடைஞ்சல் உண்டு. பத்து வருடம் கழித்துப் பழைய ஆள் கூப்பிட்டால் எதிராளி மனதில் முதலில் வருவது கடன், இல்லையென்றால் பாலிசி, அதுவும் இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை. அதை முதல் வரியிலேயே கலைத்துவிட வேண்டும். "ஏய், விசேஷம் ஒண்ணும் இல்லை. பிளஸ் டூ-ல கெமிஸ்ட்ரி லேப்ல நாம ரெண்டு பேரும் பிப்பெட் உடைச்சது ஞாபகம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடட்டுமா? பத்து நிமிஷம் போதும்" என்பது போல. இருவருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு நினைவு, குறித்த நேரம், முடிவு தெரிந்த அளவு, மூன்றும் அதில் இருக்கின்றன. "என்னை மறந்தே போயிட்டியே" என்று தொடங்கினால் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியூ குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வில், எதிர்பாராமல் விசாரிக்கும்போது மறுமுனையில் இருப்பவர் அடையும் மகிழ்ச்சியை, விசாரிப்பவர்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டார்கள். இரண்டு பேருக்கு அனுப்பினால் ஒருவர் பதில் போடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போடாதவருக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை, அதோடு சரி. காலை வணக்கப் படங்கள் கணக்கில் வராது.

முதல் அழைப்பு நன்றாகவே போகும். விழுவது இரண்டாவதும் மூன்றாவதும். பழைய கதை தீர்ந்து, நிகழ்காலம் பேச இன்னும் கூச்சம் இருக்கும் இடைவெளி அது. ஆகவே முதல் அழைப்பை வைப்பதற்கு முன்பே அடுத்த நாளைப் பேசி முடித்துவிடுங்கள், "ரெண்டு வாரத்துல இதே நேரம்" என்று. இரண்டாவது அழைப்பில் நீங்கள் ஒரு சின்னக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், பெரியதை அல்ல. 'பையன் போனப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் என்ன பண்றதுன்னே தெரியல' என்ற அளவு. அதற்கு அவர் தன்னுடையதில் ஒன்றைச் சொன்னால் நட்பு உயிரோடு இருக்கிறது. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று மூடினால் இன்னொரு முறை முயன்று பாருங்கள். பிறகும் மூடினால் அவரோடு பழைய சிரிப்பு மட்டும் போதும், நெஞ்சைத் திறக்க வேறு ஆள்.

உள்ளூரில் ஒருவர் வேண்டும் என்றால் நேரம் பிடிக்கும், எவ்வளவு என்று ஓரளவு சொல்லலாம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் கணித்தபடி, அறிமுகம் சாதாரண நட்பாக சுமார் 50 மணி நேரம், நட்பாக 90, நெருங்கிய நட்பாக 200-க்கு மேல். ஊர் மாறிவந்த அமெரிக்கர்களையும் கல்லூரி மாணவர்களையும் வைத்துச் செய்தது என்பதால் எண்களைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், அளவை மட்டும் பாருங்கள். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 50-க்கு ஆறு மாதம், 200-க்கு இரண்டு வருடம். மூன்று வாரம் போய்விட்டு "எனக்கு யாரும் செட் ஆகல" என்று நிறுத்துவது எவ்வளவு சீக்கிரம் என்பது இதில் தெரியும். சேர்ந்து வேலை பார்த்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேரவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. பக்கத்து கவுண்டர்க்காரரோடு பத்து வருடம் இருந்தும் அவர் வீடு எங்கே என்று தெரியாததற்கு விளக்கம் அதுதான்.

எங்கே போவது என்பதைவிட எப்படிப்பட்ட இடம் என்று பாருங்கள். அதே ஆட்கள், அதே கிழமை, அதே நேரம், பத்துப் பதினைந்து பேருக்குள், கைக்கோ காலுக்கோ வேலை, முடிந்ததும் கலையாமல் நிற்கக் கால்மணி நேரம். அண்ணா விளையாட்டரங்கில் காலை நடை, திருப்புகழ் வகுப்பு, நூலக வாசகர் வட்டம், கோயில் உழவாரப்பணி, இறகுப்பந்து எல்லாம் இதில் அடங்கும். சொற்பொழிவும், ஒருநாள் முகாமும், கோயில் வரிசையும் அடங்காது. அங்கே பக்கத்தில் இருப்பவர் மறுபடி வர மாட்டார். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாலை கிடையாது என்பதை இந்த மாதிரி அறிவுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் காலை 6 முதல் 7 வரை, அந்த இரண்டு நாளும் காலைச் சமையல் கணவருடையது அல்லது முந்தின இரவு அரைத்த மாவு என்று முதலிலேயே பேசி முடிக்காவிட்டால், நாலாவது வாரம் நின்றுவிடும்.

கணவரிடம் சொல்வது எப்படி என்பதுதான் அதிகம் சறுக்கும் இடம். "எனக்குத் தனிமையா இருக்கு" என்று சொன்னால் அவர் காதில் அது குற்றச்சாட்டாக விழும். "அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்பார், அல்லது "அத்தனை பேர் இருக்காங்களே, வேற என்ன வேணும்?" என்பார். குறையைச் சொல்லாமல் வேண்டியதைக் கேளுங்கள்: "ராத்திரி சாப்பிட்டப்புறம் இருபது நிமிஷம் தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாமா?" எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சொன்னால் திணறும் ஆண்கள் பலர் பக்கத்தில் நடக்கும்போது பேசிவிடுவார்கள். போன் வீட்டில் இருக்கட்டும். அந்த இருபது நிமிடத்தில் பணம், மகனின் எதிர்காலம், மாமியார் உடல்நிலை மூன்றும் தடை. முதல் வாரம் பேச ஒன்றுமே இருக்காது. சும்மா நடங்கள், மௌனத்தை நிரப்பப் பழைய புகாரை எடுக்காதீர்கள். "இன்னிக்கு ஆபீஸ் எப்படி?" என்றால் "ஓகே" என்றுதான் வரும். "இன்னிக்கு யார் மேல எரிச்சல் வந்துச்சு?" என்று கேட்டால் ஒரு ஆள், ஒரு சம்பவம் வரும். அவருக்கும் இதே குறை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சாராயம் இல்லாமல் நண்பர்களைச் சந்திக்கும் வழியே தெரியாமல் போன நடுவயது ஆண்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

மகனிடம் "சாப்டியா?" என்று தினம் மூன்று முறை கேட்பதைவிட, வாரம் ஒருமுறை அவன் சொன்ன நேரத்தில் அரை மணி நேரம் நல்லது. உங்கள் வெறுமைக்கு மருந்தாக அவனை ஆக்கினால் அவன் அழைப்புகளைத் தள்ளிப்போடத் தொடங்குவான். உடன்பிறந்தவர்களோடு, பெற்றோர் காரணமில்லாத ஒரு நாளை இப்போதே ஏற்படுத்திக்கொள்வது நல்லது, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கான்ஃபரன்ஸ் கால் என்றாலும் சரி. ஆனால் நேரம் குறைவாக இருந்தால் தோழிகளுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்பேன். உறவு, பேச்சு குறைந்தாலும் கல்யாணம் காதுகுத்து துக்கம் என்று எதிலாவது மறுபடி கூடிவிடும். நட்புக்கு அப்படி ஒரு தாங்கல் இல்லை. சில மாதங்கள் தொடர்பில்லாமல் போனாலே நெருக்கம் வேகமாகக் குறைகிறது என்பதை சாம் ராபர்ட்ஸும் டன்பாரும் பள்ளி முடித்துப் பிரிந்தவர்களைப் பின்தொடர்ந்து காட்டியிருக்கிறார்கள்.

பயமுறுத்தும் ஒரு செய்தி உங்கள் கண்ணில் பட்டிருக்கும்: தனிமை தினம் 15 சிகரெட்டுக்குச் சமம் என்பது. அதன் வேர் 2010-ல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 148 ஆய்வுகளைச் சேர்த்து எழுதிய கட்டுரை. அது அளந்தது சமூக உறவுகளின் பலத்தை, பல விதங்களில். 'தனிமையாக உணர்கிறேன்' என்ற உணர்வை மட்டும் அல்ல. உணர்வைத் தனியே பார்த்த 2015 கட்டுரையில் மரண அபாயம் சுமார் 26 சதவீதம் கூடுதல் என்று வந்தது. உடல்நலம் கெட்டவர்கள் தனிமைப்படுவதும் உண்டு என்பதால் இதில் எது காரணம், எது விளைவு என்று முழுவதும் பிரிக்க முடியவில்லை. கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் இன்றிரவு தூக்கம் கெட வேண்டியதில்லை. ஃபேஸ்புக்கும் ரீல்ஸும்தான் காரணமா என்பதிலும் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சந்திப்புக்கு நாள் குறிக்கப் பயன்பட்டால் நல்லது, சந்திப்புக்குப் பதிலாகிவிட்டால் கெடுதல் என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்வேன்.

மூன்று மாதம் கழித்து அந்த மூன்று கேள்விகளுக்கு மறுபடி எண் போடுங்கள். 8 என்பது 6 ஆனால் போகும் வழி சரி. அசையவே இல்லை என்றால், அல்லது கூப்பிடப் போனை எடுக்கும்போதெல்லாம் 'தொந்தரவாத்தான் நினைப்பா' என்று மனம் தடுத்துக்கொண்டே இருந்தால், இப்படிப்பட்ட தப்பான கணக்கைத் திருத்தும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை (சி.பி.டி.) தெரிந்த உளவியலாளரிடம் போகலாம். எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு வரை ஆகலாம். செலவு தடையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 'இருந்து என்ன பிரயோசனம்' என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.